பெட்டியில் பென்சில்வேனியா, உடம்பில் சான்டா ஃபே

இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவை: அமெரிக்க சரக்கு ரயிலின் வாலில் முன்பு வந்த கபூஸ் என்ற வண்டியின் மாடல். நம் ஊர் கூட்ஸ் வண்டியின் கடைசியில் வரும் கார்டு வண்டியைப் போன்றதுதான், ஆனால் அதைவிட வசதி அதிகம். அடுப்பு, படுக்கை, கண்டக்டரின் மேசை, கூரைக்கு மேல் எட்டிப் பார்க்க ஒரு கூண்டு, அதாவது கப்போலா. ஓடும் வண்டியில் எங்காவது சக்கரத்தின் அச்சுப் பெட்டி சூடேறிப் புகைகிறதா என்று அங்கே உட்கார்ந்து கவனித்தார்கள்.

கேள்வி: ஹாரிஸ்பர்க்கில் வசிக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஈனோலா என்ற ரயில் யார்டை, 1956-ல் இருந்தபடி, எச்ஓ (87-ல் ஒரு பங்கு) அளவில் பேஸ்மென்டில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ரயில் ஷோவில் 15 டாலருக்குப் பழைய கபூஸ் கிட் வாங்கினேன். பெட்டியிலும் வண்டியிலும் 'பென்சில்வேனியா' என்று, அதாவது பென்சி என்று நாங்கள் சொல்லும் ரயில்ரோடின் (ரயில் கம்பெனியின்) பெயர்தான் இருக்கிறது. கிளப்பில் ஒருவர் பார்த்துவிட்டு, "இது பென்சி இல்லை, சான்டா ஃபே ரயில்ரோடு வண்டி" என்றார். ஏமாந்துவிட்டேனா? கைப்பிடி, புகைபோக்கி எல்லாம் மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: சரியாகாது. விற்றவரையும் குறை சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் செலவு முழுக்க பிளாஸ்டிக் வார்க்கும் அச்சில்தான். ஒரு அச்சு செய்துவிட்டால், அதே உடம்பில் இருபது ரயில்ரோடுகளின் பெயரை அடித்து விற்கலாம். அந்தக் காலத்து மலிவு கிட்கள் அப்படித்தான் வந்தன. ஒரு ரயில்ரோடு வைத்தே இல்லாத வண்டிக்கு அதன் வண்ணம் பூசியிருந்தால், பழகியவர்கள் அதை 'ஃபூபி' என்பார்கள். தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு இது சகஜம்.

சாதாரண பாக்ஸ்காரில் (மூடிய சரக்குப் பெட்டியில்) இது அவ்வளவாக உறுத்தாது. பல ரயில்ரோடுகள் ஏறக்குறைய ஒரே வடிவப் பெட்டிகளை வாங்கின. கபூஸ் அப்படியல்ல. பெரிய ரயில்ரோடுகள் பல, தங்கள் பட்டறையில், தங்களுக்குப் பிடித்த மாதிரி கட்டிக்கொண்டன. சமையல் மாதிரி, வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் வேறு. பென்சியின் இரும்புக் கபூஸ்களில் முதலில் வந்த என்5 (1914 முதல்), அதன் தம்பியாக 1942-ல் தன் ஆல்டூனா பட்டறையில் கட்டிய என்5சி, இரண்டிலும் கப்போலா நடுவில் இருக்கும். என்5சியில் வட்ட ஜன்னல்கள் வேறு, கப்பலில் இருப்பதுபோல. உங்கள் கையில் இருக்கும் சான்டா ஃபே உடம்பில் கப்போலா ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும், ஜன்னல் சதுரம். கப்போலாவை வெட்டி நகர்த்தி, ஜன்னலை அடைத்து, புதிதாகத் துளைத்து... அதற்கு முதலிலிருந்தே ஒன்று கட்டிவிடலாம்.

ஆகவே வாங்கும்போது வண்ணத்தைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். வண்ணத்தை ஒரு சாயங்காலத்தில் மாற்றலாம். கப்போலா எங்கே, பக்கத்துக்கு எத்தனை ஜன்னல், என்ன வடிவம், பக்கத் தகட்டில் ரிவெட் வரிசை எப்படிப் போகிறது, இந்த நான்கும் அசல் புகைப்படத்தோடு ஒத்துப்போனால் போதும், மீதியைக் கையால் கொண்டுவந்துவிடலாம். படம் தேடும்போது ஒன்று: பென்சி தன் கபூஸை 'கபூஸ்' என்று சொன்னதில்லை, 'கேபின் கார்' என்றது. சான்டா ஃபேவில் அது 'வேகார்'. அந்தப் பெயரில் தேடினால்தான் நல்ல படங்கள் அகப்படும்.

இந்த 15 டாலர் வண்டியைத் தூக்கிப் போட வேண்டாம். துளை போடவும் கம்பி வளைக்கவும் பழக இதைவிட நல்ல பலியாடு கிடைக்காது.

கேள்வி: எச்ஓவில் போசர் கம்பெனியின் என்5சி வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரே கபூஸுக்கு நாலைந்து விதமான எழுத்து வண்ணங்கள், கூரையில் கம்பி வைத்தது, வைக்காதது என்று பட்டியல் நீளுகிறது. எனக்கும் 1956-தான் வேண்டும். எதை எடுப்பது?

பதில்: உடம்பு சரி. இனி ஆண்டுதான் கேள்வி. கூரையில் நீளவாக்கில், சின்னச் சின்னத் தாங்கிகளின் மேல் ஓடும் அந்தக் கம்பி 'டிரெயின்ஃபோன்' ஆன்டெனா. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து பென்சி வைத்திருந்த ஏற்பாடு அது. சாதாரண ரேடியோ போல் காற்றில் அலை அனுப்பாமல், தண்டவாளத்தையும் ஓரத்துக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு தூண்டல் முறையில் பேசும். எஞ்சினில் இருப்பவரும் கபூஸில் இருப்பவரும் பேசிக்கொள்ள வழி கிடைத்தது. 1960-களில் ரேடியோ வந்ததும் கழற்றிவிட்டார்கள். 1956-க்கு ஆன்டெனா பொருந்தும். ஆனால் எல்லா வண்டியிலும் இருந்ததில்லை, வண்டி எண்ணைப் பார்த்து எடுங்கள்.

எழுத்துக்கு வந்தால், கீஸ்டோன் என்பது பென்சியின் சின்னம், வளைவின் உச்சியில் வைக்கும் ஆப்புக் கல்லின் வடிவம். நிழல் விழுந்தாற்போல் வரைந்த பெரிய கீஸ்டோன் 1954-ல் வந்தது. அடுத்த நாளே எல்லா வண்டிக்கும் புது வண்ணம் அடித்திருப்பார்களா? மாட்டார்கள். 1956-ல் பழைய எழுத்தும் புதியதும் கலந்தே ஓடியிருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய எழுத்தில் இரண்டு, நிழல் சின்னத்தில் ஒன்று என்று வைப்பேன். பழைய இரண்டையும் நன்றாக அழுக்காக்குவேன். நிழலே இல்லாத தனிக் கீஸ்டோன் 1960-களுக்கு உரியது, உங்களுக்கு ஆகாது.

வண்ணத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள பென்சில்வேனியா மாநில ரயில்ரோடு மியூசியம் ஹாரிஸ்பர்க்கிலிருந்து தூரமில்லை. அதே வட்டாரத்தில் பழைய கபூஸ்களையே அறைகளாக்கிய விடுதி ஒன்று இருக்கிறது. குழந்தைகளோடு போய் ஒரு ராத்திரி தங்கலாம், அளவெடுக்கவும் செய்யலாம். வண்ணத்தை மட்டும் அங்கே நம்பாதீர்கள், அது விருந்தாளிகளுக்காகப் பூசியது.

கேள்வி: கையில் ஒரு சுமாரான பிளாஸ்டிக் கபூஸ் இருக்கிறது. உடம்பு சரியானதுதான். உதிரிபாகங்களுக்கு 40 டாலருக்கு மேல் செலவழிக்க முடியாது. எதில் தொடங்கலாம்?

பதில்: கைப்பிடிகளில். எச்ஓ என்பது 87-ல் ஒரு பங்கு. உடம்போடு சேர்த்து வார்த்த கைப்பிடி அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், அசலில் அது 43.5 மில்லிமீட்டர். எந்த பிரேக்மேனும் பிடித்துத் தொங்க முடியாது! 0.25 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போட்டால் அசலில் 22 மில்லிமீட்டர் வரும், கண்ணுக்குச் சரியாக இருக்கும். பழையதைக் கத்தியால் சீவிவிட்டு, 80-ம் நம்பர் டிரில் பிட்டால் துளையிட்டுச் செருகுங்கள். பிட் உடையும், இரண்டு மூன்று சேர்த்தே வாங்குங்கள். கம்பியும் பிட்டும் சேர்ந்து 40 டாலரில் சின்னப் பகுதிதான், ஆனால் வண்டியின் முகமே மாறிவிடும்.

அடுத்து கப்ளர், வண்டிகளை இணைக்கும் கொக்கி. கேடி கம்பெனியின் 5-ம் நம்பர் நன்றாக வேலை செய்யும், ஆனால் தலை அசலைவிடப் பெரியது. அவர்களின் 158-ம் நம்பர் அளவுக்குச் சரி. கபூஸின் பின் முனை எப்போதும் திறந்தே இருப்பதால் அங்கே இருக்கும் கப்ளர்மேல்தான் எல்லார் கண்ணும் விழும். முன் முனைக்குப் பழையதே போதும்.

மூன்றாவதாக, சக்கரமும் அதைத் தாங்கும் சட்டமான டிரக்கும். அசலில் 33 அங்குலத்துக்குச் சமமான உலோகச் சக்கரம் போடுங்கள். கபூஸில் ஆட்கள் உட்கார்ந்து போவதால், குலுங்காமல் இருக்க, லாரியில் இருப்பது போன்ற லீஃப் ஸ்பிரிங் வைத்த டிரக்குகளைப் பல ரயில்ரோடுகள் போட்டன. மலிவு மாடல்களில் சாதாரண சரக்குப் பெட்டியின் காயில் ஸ்பிரிங் டிரக்கையே மாட்டியிருப்பார்கள். உங்கள் வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜன்னல் கண்ணாடியை சூப்பர் குளூவில் ஒட்ட வேண்டாம். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போகும். அப்படி ஒரு வண்டி என் அலமாரியில் இருக்கிறது, பனிக்காலக் காட்சி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கென்றே கேனப்பி குளூ விற்கிறார்கள், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

கேள்வி: நான் அமைப்பது 1982-ம் ஆண்டில் இருந்த கான்ரெயில் ரயில்ரோடு. பழைய பென்சி என்5சிக்கு நீல வண்ணம் பூசினால் போதுமா?

பதில்: பென்சி 1968-ல் பென் சென்ட்ரல் என்ற கம்பெனியில் கலந்து, அது 1976-ல் கான்ரெயிலுக்குள் வந்தது. என்5சிகளும் கூடவே வந்தன, நீலமும் பூசிக்கொண்டன. ஆனால் வண்ணம் மட்டும் போதாது. டிரெயின்ஃபோன் கம்பி இருக்கக் கூடாது. கூரை மேல் நடக்கும் பலகையையும் பாருங்கள். 1966-க்குப் பிறகு புதிய சரக்குப் பெட்டிகளில் அது இல்லாமல் போனது, பழைய கபூஸ்களிலிருந்தும் பல ரயில்ரோடுகள் கழற்றின. கழற்றிய இடத்தில் தாங்கிகளின் தழும்பு தெரிந்தால் அழகு.

இதைவிட முக்கியம் ஜன்னல். 1980-ஐ ஒட்டி, கல்லெறிக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் தாங்கும் கண்ணாடிதான் எஞ்சினிலும் கபூஸிலும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி வந்தது. அந்தக் கண்ணாடிக்கு விலை அதிகம். அதனால் பல கம்பெனிகள் அவசியமில்லாத ஜன்னல்களை இரும்புத் தகட்டால் அடைத்துவிட்டன. எந்த ஜன்னலை அடைத்தார்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஒரே வண்டியில் இரண்டு பக்கமும் வேறாக இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் படம் கிடைத்த எண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒட்டுவது அரை மணி நேர வேலை, காசும் ஆகாது.

கேள்வி: இப்படி உழைத்துச் செய்த கபூஸை விற்றால் நல்ல விலை போகுமா?

பதில்: போகாது. சேகரிப்பவர்களுக்குப் பெட்டி பிரிக்காத சரக்குதான் வேண்டும். நீங்கள் துளை போட்ட நிமிஷமே அது 'பழையது' ஆகிவிடும். கிளப் நண்பர் யாராவது உங்கள் கைவேலை தெரிந்து வாங்கினால் உண்டு. விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டாக வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள். இப்போது பல கம்பெனிகள் முன்பதிவு வந்த அளவுக்குத்தான் செய்கின்றன, அடுத்த முறை அச்சடிக்கும்போது வண்டி எண் வேறாக இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண்ணைப் பார்த்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.