அடிப்பிடித்த பாலை இனிமேல் கிளறாதீர்கள்
கரண்டியை வெளியே எடுத்துவிட்டு, மேலே இருக்கும் பாலை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்தில் சாய்த்து ஊற்றுங்கள், கடைசி இரண்டு கரண்டி அடியிலேயே கிடக்கட்டும். ஒரு லிட்டர் பால் அடிப்பிடித்தது, சுரண்டிவிட்டதும் தீய்ந்த வாடை கூடிவிட்டது என்கிறீர்களே, அந்தச் சுரண்டலில்தான் பழுப்புத் துணுக்குகள் பால் முழுக்கப் பரவியிருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

அப்புறம் ஒரு ஸ்பூன் ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். லேசான வாடை மட்டும் என்றால் காபிக்குச் சமாளிக்கலாம், நாக்கில் கசந்தால் கொட்டிவிடுவதுதான் வழி. ஏலக்காய் போட்டு மறைக்க நானும் ஒருமுறை பார்த்தேன், ஏலக்காய் மணக்கும் தீய்ந்த பால்தான் கிடைத்தது.

பாலில் உள்ள புரதம் சூட்டில் அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும், தீ அதிகமாக இருந்தால் அதுதான் கருகும். பாத்திரத்தின் அடியைப் பாருங்கள்: கறை அடுப்புத் தீயின் அளவுக்கே வட்டமாக இருந்தால், அடி மெல்லிசு, தீ அதிகம் என்று அர்த்தம். அடுத்த முறை பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் பாலை ஊற்றி, மிதமான தீயில் காய்ச்சுங்கள், இடையிடையே அடிவரை கிளறிவிடுங்கள்.

பாத்திரத்தின் கருகிய கறையை எடுக்க, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டால் பெரும்பாலும் உரிந்து வரும். எவர்சில்வர் என்றால் சரி. அலுமினியம் என்றால் சோடா வேண்டாம், பாத்திரமே கறுத்துப்போகும்.