வயிற்றுப்போக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

குழந்தைகள் வார்டில் 26 வருடம் செவிலியராக இருந்தேன். இன்று வயிற்றுப்போக்கு பற்றி மட்டும் கேளுங்கள்.

அக்கா, ஒன்றரை வயதுப் பையனுக்கு நேற்றிலிருந்து தண்ணியாகப் போகிறது. ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு சர்க்கரைப் பொடியின் பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்தால் துப்புகிறான்.

அந்த டம்ளரை உடனே கொட்டிவிடுங்கள். பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கானது. டம்ளரில் கரைத்தால் உப்பு நாலைந்து மடங்காகி, ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். அவன் துப்பியதே நல்லது. ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மி.லி., ஸ்பூனால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். மிச்சத்தை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கூடவே ஜிங்க் (துத்தநாகம்) தினம் 20 மி.கி., 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது. தாய்ப்பால், இட்லி, குழைந்த சோறு எதையும் நிறுத்த வேண்டாம். 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் காலராவில் விழுந்தபோது, ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைத்தான் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அளவு சரியாக இருந்தால் அவ்வளவு பெரிய மருந்து இது.

போக்கை நிறுத்த மாத்திரை?

குழந்தைக்குக் கூடவே கூடாது.

டப்பாவில் வரும் ஆரஞ்சு சுவை ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

அவற்றில் பல, சர்க்கரை அதிகமான ஜூஸ்தான், போக்கைக் கூட்டும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அப்படிப்பட்ட பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்றது. உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்ட பொடியை வாங்குங்கள்.

எட்டு மாதப் பாப்பா, நாலு நாளாகப் போகிறது. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. உரம் விழுந்திருக்கிறது, அதாவது சுளுக்குப் பிடித்திருக்கிறது, சேலையில் போட்டு உருட்டினால் சரியாகும் என்கிறார் அத்தை.

உருட்டவே வேண்டாம்மா. உடம்பில் தண்ணீர் வற்றினால் உச்சிக்குழி பள்ளமாகும். கண் குழிந்திருக்கிறதா, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லையா, துவண்டு கிடக்கிறாளா? எதுவானாலும் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எங்கள் ஊரில் உரம் எடுத்துப் பிழைத்த பிள்ளைகள் ஏராளம். பாட்டி வைத்தியத்தை இப்படித் தூக்கிப் போடாதீர்கள்.

பாட்டி கொடுத்த கஞ்சித் தண்ணியை நான் தூக்கிப் போடவில்லையே, அது நல்லது. அழுகிற பிள்ளை உருட்டினதும் அடங்கியிருக்கலாம். வற்றிய உடம்புக்குத் தண்ணீர் உருட்டினால் வராது. உருட்டி முடித்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூக்கி வந்த பிள்ளைகளுக்குச் சலைன் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நாங்கள் தவித்திருக்கிறோம். உருட்டுவதில் வீணாகப் போன அந்த நேரம்தான் எனக்கு வலிக்கிறது.

ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை டம்ளர்?

மேலே சொல்லியிருக்கிறேன். ஒரு லிட்டர். லிட்டர் பாட்டிலால் அளங்கள், டம்ளரால் வேண்டாம்.

வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து எப்போது?

6, 10, 14 வாரத்தில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

அம்மை போட்டால் குளிக்கலாமா?

இன்று வேண்டாம், இன்னொரு நாள் பேசலாம். எட்டு மாதப் பாப்பாவின் அம்மா, கிளம்பிவிட்டீர்களா?

ஆட்டோவில் ஏறிவிட்டோம் அக்கா. முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, முழித்திருக்கிற வரை வழியிலும் ஓ.ஆர்.எஸ். தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். கடைசியாக எப்போது மூத்திரம் போனாள் என்பதைப் போனதும் டாக்டரிடம் சொல்லுங்கள்.