சுவர் எழுப்பிய வாசகருக்கு

கேள்வி: ஆசிரியர் ஐயா, உலகம் விடும் புகையில் நம் மொரிஷியஸின் பங்கு 0.01 சதவீதம்தான் என்கிறார்கள். பெரிய நாடுகள் செய்த வினைக்கு நம் கரை கரைந்துகொண்டிருக்கிறது. நம்மவர்கள் என்னடாவென்றால் மாநாடு மாநாடாகப் பறந்து, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இதனால் இங்கே ஒரு மீனவனுக்காவது ஒரு ரூபாய் பிரயோஜனம் உண்டா? அவனவன் கரையை அவனவன் பார்த்துக்கொள்வதுதானே முறை? நான் அப்படித்தான் என் கடலோர வீட்டுக்கு முன்னால் கருங்கல் சுவர் எழுப்பினேன். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கத்து மணல் போய்விட்டது என்று சண்டைக்கு வருகிறார்.
– மேற்குக் கரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கேள்விக்கான பதிலைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள் ஐயா, கவனிக்கவில்லை போலிருக்கிறது.

சரிவான மணலில் ஏறும் அலை, ஏற ஏறக் களைத்துப்போய் மணலைப் போட்டுவிட்டுத் திரும்பும். சுவரில் மோதும் அலைக்கு அந்தக் களைப்பு கிடையாது. மோதிய வேகத்திலேயே திரும்பிச் சுவரின் காலடியைத் தோண்டும், சுவர் முடிகிற முனையில் வளைந்து போய்ப் பக்கத்து வீட்டு மணலை அள்ளும். நாளைக்கு அவரும் ஒரு சுவர் கட்டுவார், அப்புறம் அவருக்கு அடுத்தவர் கட்டுவார், பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்த விரிகுடாவில் வரிசையாகச் சுவர் இருக்கும், கடற்கரை மட்டும் இருக்காது. நம் பொதுக் கடற்கரைகளில் ஃபிலாவோ மரங்கள், அதான் சவுக்கு, வேரெல்லாம் வெளியே தெரிய, அவிழ்ந்த கூந்தல் மாதிரி தொங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது பக்கத்தில் எங்காவது சுவர் முடிகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு நாடு, இன்னொரு நாடு என்று பேசும்போதும் கதை இதேதான், சுவர் மட்டும் பெரிது.

உங்கள் வீட்டு முன் மணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி பவளப்பாறையிலிருந்து. பாறை உடைந்து, அரைந்து, கிளிமீன் கடித்து அரைத்துக் கழித்தது எல்லாம் சேர்ந்துதான் நாம் ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்கும் வெள்ளை மணல். வெளியலையின் முரட்டு வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வதும் அதே பாறைதான். பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. வெப்பம் ஏறினால் பவளம் வெளுக்கும், வெளுத்தது தேறாவிட்டால் சாகும். 1998-இல் ஒருமுறை வெளுத்தது, 2016-இல் வெளுத்தது, அதற்கப்புறமும் விடவில்லை. உலக வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கும் மேல் போகும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2018-இலேயே சொல்லிவிட்டது. அந்த வெப்பத்தை உங்கள் கருங்கல் தடுக்குமா? தங்கத்திலேயே கட்டினாலும் தடுக்காது.

0.01 சதவீதக் கணக்கை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்கு எரிச்சல். காயலுக்குள் படகை விட்டு மணலை அள்ளி அள்ளிக் கட்டடம் கட்டினோம். அது 2001-இல்தான் நின்றது, அதை ஜெர்மனிக்காரன் வந்து அள்ளவில்லை. கரும்புச் சக்கை தீர்ந்த மாதங்களில் நம் ஆலைகள் நிலக்கரி எரித்துத்தான் மின்சாரம் கொடுக்கின்றன. கரையை ஒட்டிக் குறைந்தது 81.21 மீட்டர் அரசு நிலம் என்று பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஒரு விதி இருக்கிறதே, பா ஜியோமெத்ரீக் என்பார்கள், அதில் பல இடங்களில் ஓட்டல்களும் வார இறுதி வீடுகளும் நீண்ட காலக் குத்தகையில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் வீடும் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சுவருக்கு அனுமதி வாங்கினீர்களா என்று நான் கேட்கவில்லை.

சரி, மாநாட்டுக்கு வருவோம். உங்கள் கோபத்தில் பாதி நியாயம். பருவநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி என்று 2022-இல் எகிப்தில் ஒத்துக்கொண்டார்கள், 2023-இல் துபாயில் வாக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்துச் சுமார் 70 கோடி டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும். உலகத்தின் எல்லா ஏழைக் கரைகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான், அதுவும் வாக்கு. கல்யாண வீட்டில் மொய் எழுதச் சொல்லிவிட்டுப் பணத்தை அப்புறம் தருகிறேன் என்று போகும் பங்காளி நமக்குப் புதிதில்லை.

மிச்சப் பாதிக்கு, தென்கிழக்கே காத்ர் சேர் வரை ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு போய்விட்டு வாருங்கள் (நான்கு சகோதரிகள் என்று அர்த்தம், பக்கத்து ஊர் இரண்டு சகோதரர்கள், யார் வைத்த பெயரோ). கடல் பொங்கினால் ஊர்க்காரர்கள் போய்த் தங்க அங்கே ஒரு புகலிடக் கட்டடம் நிற்கிறது. அந்தப் பக்கத்துக் கரையில் அலையாத்திச் செடிகள் நட்டார்கள். ரிவியேர் தே காலே, மோன் ஷுவாசி கரைகளின் பாதுகாப்பு வேலைகளும் அதே திட்டத்தில்தான் வந்தன. மொத்தம் சுமார் 91 லட்சம் டாலர், கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் உருவான தகவமைப்பு நிதியிலிருந்து வந்தது. நீங்கள் சொன்ன அந்தக் கையெழுத்து வகைதான்.

புயல் சங்கதி இன்னும் பழையது. நம் கடலில் எழும் புயலைக் கண்காணிக்கும் வட்டார மையம் பக்கத்து ரியூனியன் தீவில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர் நடத்துவது. 55 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே எழுந்தால் பெயர் வைப்பது நாம், மேற்கே எழுந்தால் மடகாஸ்கர். மூன்று கொடி, ஒரு புயல். 'அவனவன் வானத்தை அவனவன் பார்த்துக்கொள்ளட்டும்' என்று யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன.

வகாஷியோவை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூலை 25. கப்பல் ஜப்பான்காரருடையது, கொடி பனாமா, மாலுமிகளில் இந்தியரும் இலங்கையரும் பிலிப்பைன்ஸ்காரரும், சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் போகிற வழி, மொபைல் சிக்னல் கிடைக்கட்டும் என்று கரையை நெருங்கி வந்து புவான் தெஸ்னி பாறையில் ஏறியது. சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில். ஆகஸ்ட் மாதம் நான் மாயேபூர் கடலோரத்தில் நின்றேன். பெண்கள் உட்கார்ந்து நீளமான துணிப்பைகளைத் தைக்க, பையன்கள் அதில் கரும்புச் சோகையைத் திணிக்க, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி இறக்கினார்கள். கையெல்லாம் கருப்பு, சோப்புப் போட்டாலும் போகவில்லை, மூக்கில் டீசல் நெடி இரண்டு நாள் இருந்தது. அதே மாதத்தில் ரியூனியனிலிருந்து பிரெஞ்சு ராணுவ விமானம் வந்தது, ஜப்பானிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள், இந்தியா 30 டன் கருவிகளோடு கடலோரக் காவல்படைக் குழுவை அனுப்பியது. கப்பலுக்குள் மிச்சமிருந்த எண்ணெயில் பெரும்பகுதியை அது பிளப்பதற்கு முன்பே உறிஞ்சி எடுத்தாயிற்று. சோகைப் பையும் வேண்டியிருந்தது, விமானமும் வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்ட ஒரு ரூபாய்க்கு வருகிறேன். மடகாஸ்கரின் தென்மேற்கே ஆண்டவடோவாக்கா என்று ஒரு மீனவர் கிராமம். 2004-இல் அங்கே ஊரித் பிடிப்பதைச் சில மாதம் நிறுத்திப் பார்த்தார்கள் (ஆக்டோபஸ்தான்; பேய்க்கணவாய் என்றால் நம் வீட்டில் யாருக்கும் புரியாது, ஊரித் என்றே வைத்துக்கொள்வோம்). அது மளமளவென்று வளரும் ஜீவன், இரண்டு மாதம் விட்டால் எடை எங்கேயோ போய்விடும். திறந்த அன்று படகு நிறையப் பிடித்தார்கள். அதைப் பார்த்து நம் ரோட்ரிக்ஸ் தீவு 2012-இல் ஊரித் பிடிப்பைச் சில காலம் மூடியது, ரோட்ரிக்ஸைப் பார்த்து இங்கே 2016-இல் மூடினோம். எந்த மாநாட்டு மேடையும் இல்லாமல் தீவு விட்டுத் தீவு வந்த யோசனை. கம்பியோடு பாறையில் நடந்து ஊரித் குத்தும் ரோட்ரிக்ஸ் பெண்களிடம் கேளுங்கள், எத்தனை ரூபாய் என்று அவர்கள் சொல்வார்கள்.

செஷல்ஸ் கதையையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. இரண்டு நாடும் ஒரே கடலடி மேட்டுக்கு உரிமை கேட்கும் நிலை வந்தது. வழக்கு, வாய்தா என்று முப்பது வருடம் இழுத்திருக்கலாம். 2012-இல் 3,96,000 சதுர கிலோமீட்டர் கடல்தரையைச் சேர்ந்தே நிர்வகிப்போம் என்று எழுதிக்கொண்டார்கள். நம் நிலப்பரப்பைப் போல் கிட்டத்தட்ட இருநூறு மடங்கு. பாகப்பிரிவினையில் ஒரு மாமரத்துக்காகக் கோர்ட் ஏறும் நம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

பெரிய நாட்டுக்கு ராணுவம், பணம், எல்லாம் உண்டு. நமக்கு இருப்பது சட்டப் புத்தகம் ஒன்றுதான். குட்டித் தீவுகள் சேர்ந்து ஹாம்பர்க் கடல் சட்டத் தீர்ப்பாயத்தில் போய்க் கேட்டன, நம் நாடும் அங்கே எழுந்து வாதாடியது. 2024 மே 21 அன்று தீர்ப்பாயம் சொன்ன கருத்து: புகைக்கூண்டிலிருந்து வரும் கரியமில வாயுவும் கடலை மாசுபடுத்துவதுதான், அதைத் தடுப்பது நாடுகளின் கடமை. யாரையும் கட்டி இழுத்து வராது, ஆலோசனைக் கருத்துதான். ஆனாலும் இனி 'அது வேறு, கடல் வேறு' என்று எவனும் வாயாட முடியாது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலைக் காக்கும் ஆழ்கடல் உடன்படிக்கையும் இருபது வருடத்துக்குக் கிட்டப் பேசிப் பேசி, 60 நாடுகள் ஏற்று, 2026 ஜனவரி 17 முதல் அமலுக்கு வந்துவிட்டது. முந்தி ஏற்றவர்களில் நாமும் உண்டு. அந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற சில பயணங்களைப் பற்றி இன்னொரு இதழில் பேசலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த முறை வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். ஒரு டீ கொடுத்து, கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு பேருமாகச் சுவரின் அந்தக் கடைசி முனைக்கு நடந்து போங்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கும். எத்தனை அடி என்று அளந்து எனக்கு எழுதுங்கள், இருவர் கையெழுத்தோடும். அடுத்த இதழில் போடுகிறேன்.