மருந்தகத்தில் கலந்து தரும் மருந்துகள்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் இருந்து வந்த கேள்விகளுக்கு, இங்கே மருந்தாளராக இருக்கும் நான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் ஏழு மாதக் குழந்தைக்கு இதயக் கோளாறு. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் கேப்டோபிரில் என்ற ரத்த அழுத்த, இதய மருந்து மாத்திரையைத் தண்ணி மருந்தாகக் கலந்து தருகிறார்கள். ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம். தீர்ந்துபோனால் நானே 25 மில்லிகிராம் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. அந்த மாத்திரையில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான் உங்கள் பிள்ளைக்குத் தேவை. கண்ணளவில் அதைப் பிரிக்க முடியாது. கேப்டோபிரில் தண்ணீரில் சீக்கிரம் கெட்டும் போகும். மாத்திரைப் பொடியோ அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு வேளைக்கும் ஒரே அளவு மருந்து போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பொடியை மிதக்க வைக்கும் கூழான திரவத்தில் அளந்து கலக்கிறோம். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும்.

இன்னொன்றை மிகவும் கவனமாகப் பாருங்கள். ஒரு மருந்தகம் 1 மில்லியில் (மில்லிலிட்டரில்) 1 மில்லிகிராம் மருந்து வரும்படி கலக்கலாம், வேறொன்று 5 மில்லிகிராம் வரும்படி கலக்கலாம். பழைய பழக்கத்தில் 2 மில்லி கொடுத்தால் இரண்டாவது பாட்டிலில் 10 மில்லிகிராம் போய்விடும். ஐந்து மடங்கு! குழந்தையின் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பாட்டில் மாறும்போதெல்லாம் "இதில் எத்தனை மில்லி கொடுக்கணும்?" என்று கவுண்டரிலேயே கேட்டு, சிரிஞ்சில் அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம். பால் பாட்டிலிலும் கலக்காதீர்கள், பிள்ளை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது. இந்த மாதிரித் தண்ணி மருந்துகள் பெரும்பாலும் சில வாரங்களே தாங்கும். லேபிளில் உள்ள தேதி தாண்டினால், மிச்சம் இருந்தாலும் கொடுக்கக் கூடாது. தீரும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாள் முன்பே போய் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மருந்தகத்தில் கலந்து கொடுத்த களிம்பில் 'மால்' (MAL) பதிவு எண் இல்லை. போலியா?

இல்லை ஐயா. அந்தப் பதிவு எண் தொழிற்சாலையில் தயாராகும் மருந்துகளுக்கு உரியது. ஒரு நோயாளிக்கென்று மருந்தாளர் கலப்பதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் பதிவான மருந்துக்கு நடக்கும் பரிசோதனைகள் இதற்கு நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012-ல் அமெரிக்காவில் இப்படி மருந்து கலந்து தரும் ஒரு நிறுவனத்தின் ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்து, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் என் கருத்து இதுதான்: அதே மருந்து பதிவான தயாரிப்பாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், அளவு பொருந்தாவிட்டால், அல்லது அதில் சேரும் ஏதோ ஒன்று உங்களுக்கு ஒவ்வாவிட்டால் மட்டும் கலவை. உங்கள் பெயர், மருந்தின் பெயர், அதன் வீரியம், தேதி, கொடுத்த இடம் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும்.

கேள்வி: அழகு நிலையத்தில் சின்ன டப்பாவில் ஒரு கிரீம் தந்தார்கள். லேபிள் இல்லை. முகம் ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது. தொடரலாமா?

இன்றே நிறுத்துங்கள். அவ்வளவு வேகமாக வெளுக்க வைக்கும் கிரீம்களில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு, சிலவற்றில் பாதரசம்கூட இருந்ததாக நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். முதல் மூன்றையும் அழகு நிலையங்கள் விற்க அனுமதி இல்லை. கர்ப்பமாக இருந்தாலோ பிள்ளைக்குப் பால் கொடுத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு முகம் சிவந்து எரியலாம். அதற்காக மறுபடி பூசாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளினிக் போங்கள்.

கேள்வி: பாட்டிக்கு மாத்திரை விழுங்க முடியவில்லை. எல்லாவற்றையும் இடித்துக் கொடுக்கிறோம். சரியா?

எல்லாவற்றையும் இடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த, நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து மாதிரி மாத்திரையை இடித்தால், நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் ஏறும். பாட்டி மயங்கி விழலாம். இன்று கொடுக்க வேண்டியதை இடிப்பதற்கு முன்னாலேயே கிளினிக்குக்கோ மருந்தகத்துக்கோ போன் பண்ணிக் கேளுங்கள். அப்புறம் பாட்டியின் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். எதை இடிக்கலாம், எதற்குத் தண்ணி மருந்து உண்டு என்று பிரித்து எழுதித் தருகிறேன்.