ஆடி மாச மனுஷன தேடாதீங்க

கேள்வி: நான் தண்டையார்பேட்டை. வயசு 34, ரெண்டு பசங்க. வூட்டுக்காரரு ஹார்பருக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்றாரு. தீபாவளிக்கு அப்புறம் ஆளே மாறிட்டாரு. வேலைக்கு போறதில்ல, குளிக்கறதில்ல, செவுத்த பாத்து படுத்துக்குறாரு, சின்னவன் போயி முதுகுல தட்னா கூட திரும்பறதில்ல. நேத்து "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி"ன்னாரு. கிளினிக்ல காட்டி மாத்திரை வாங்கனோம், பத்து நாள் போட்டுட்டு வேல செய்யலன்னு தூக்கி போட்டுட்டாரு. ஆனா ஆடி மாசம் எப்டி இருந்தாரு தெரியுமா, ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் தூக்கம், விடிய விடிய பேச்சு, சொந்தமா டிரான்ஸ்போர்ட் வெக்கப்போறேன்னு என் நகைய அடகு வெச்சு பழைய லாரிக்கு அட்வான்ஸ் குடுத்தாரு, தெருவே அவர சுத்தி நிக்கும். மாமியார் எல்லாத்துக்கும் நான் வந்த நேரம்ங்கறாங்க, ஏர்வாடி தர்காவுக்கு கூட்டினு போயி விட்டுடலாம்ங்கறாங்க. அந்த ஆடி மாச மனுஷன திரும்ப கொண்டு வர நான் என்ன பண்ணணும்? இல்ல அம்மா வூட்டுக்கே போயிடட்டுமா?

பதில்: தங்கச்சி, நேத்து அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைய முதல்ல எடுத்துக்கறேன், மத்ததெல்லாம் அப்புறம். அத சும்மா விரக்தில சொல்றாருன்னு விட்டுடாதீங்க. பக்கத்துல உக்காந்து நேராவே கேளுங்க, "செத்துப்போலாம்னு தோணுதா, எப்டின்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா"ன்னு. கேட்டா நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு பயப்படுவோம், அப்டி ஆகாது, கேட்டா பாதி பேருக்கு கொட்டித் தீர்க்க ஒரு எடம் கிடைச்ச மாதிரி இருக்கும். ஆமான்னு சொன்னாலோ பதிலே சொல்லாம திரும்பிக்கிட்டாலோ அவர தனியா விடாதீங்க, வீட்ல இருக்கற பழைய மாத்திரை, எலி மருந்து எல்லாத்தையும் எடுத்து வெளிய குடுத்துடுங்க, அன்னிக்கு ராத்திரியே ஸ்டான்லி ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, வண்டி இல்லன்னா 108. ராத்திரி ரெண்டு மணிக்கு யார கூப்பிடறதுன்னு தெரியாம முழிச்சா 14416 போடுங்க, 2022ல ஆரம்பிச்ச டெலி மானஸ் அரசாங்க லைன் அது, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. நீங்க உங்களுக்காகவும் அதுல பேசலாம். போலீஸ் கேஸாயிடும்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க, 2017 மனநலச் சட்டப்படி தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் முதல்ல எடுத்துக்கணும், அவங்களுக்கு சிகிச்சை குடுக்கறது அரசாங்கத்தோட கடமை.

இப்ப உங்க கேள்விக்கு வரேன், கொஞ்சம் கடுமையாவே சொல்லப்போறேன், கோச்சுக்காதீங்க.

நீங்க திரும்ப வேணும்னு கேக்கற அந்த ஆடி மாச மனுஷனுக்கும் உடம்பு சரியில்லதான். ரெண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்ல, வாய் ஓயாத பேச்சு, நெனச்சா ஊரையே வாங்கிடலாம்ங்கற தெம்பு, பொண்டாட்டி நகை வரைக்கும் அடகுக்கு போவுது, இத பாத்து தெரு கைதட்டுச்சு, நீங்களும் சந்தோஷப்பட்டீங்க, உங்கள தப்பு சொல்லல, சிரிச்சிட்டு இருக்கற மனுஷன யாரு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போவா. ஆனா அந்த ஏத்தமும் இப்ப இருக்கற எறக்கமும் ஒரே நோயோட ரெண்டு பக்கமா இருக்கலாம். பைபோலார்னு சொல்றாங்க. நான் டாக்டர் இல்ல, பேர் வெக்கறது அவங்க வேல. அவங்க சரியா பேர் வெக்கணும்னா ஆடி மாசக் கதை அவங்களுக்கு தெரியணும், நீங்க கிளினிக்ல அத சொன்னீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்க, சோர்வா இருக்காரு வேலைக்கு போறதில்லன்னு மட்டும் சொல்லியிருப்பீங்க. அங்கதான் விஷயமே இருக்கு. வெறும் டிப்ரஷனுக்கு குடுக்கற மாத்திரைய மட்டும் தனியா பைபோலார்காரங்களுக்கு குடுத்தா சில பேர அது மறுபடி அந்த ஏத்தத்துல கொண்டு போயி விட்டுடும், அவங்களுக்கு ஏத்தம் எறக்கம் ரெண்டையும் பிடிச்சு நிறுத்தற மருந்து வேணும். அதனால ஒரு நோட்டு எடுங்க, எந்த மாசம் தூங்காம இருந்தாரு, எப்ப காச வாரி எறச்சாரு, எப்ப படுத்தாரு, கல்யாணத்துக்கு முன்னாடி இப்டி இருந்திருக்காரா, அவங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா, குடி எவ்ளோ, எல்லாம் எழுதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி கதைக்கும் அவங்க வீட்டு கதைக்கும் உங்க மாமியார்தான் பதில் சொல்ல முடியும், அவங்கள திட்டறத விட்டுட்டு பக்கத்துல உக்கார வெச்சு கேளுங்க.

பத்து நாள்ல வேல செய்யலன்னு மாத்திரைய தூக்கி போட்டாரு இல்ல, இந்த மாதிரி மருந்தெல்லாம் வேல காட்டவே ரெண்டு வாரம், நாலு வாரம், சமயத்துல அதுக்கு மேலயும் ஆகும், தலைவலி மாத்திரை மாதிரி கிடையாது. அதுக்காக மிச்சம் இருக்கறத மறுபடி நீங்களா எடுத்து குடுக்காதீங்க, மொதல்ல ஸ்டான்லில மனநல ஓபிக்கு காலைலயே போங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரி, மருந்துக்கும் காசில்ல. தைராய்டு ரத்தப் பரிசோதனையும் பண்ணச் சொல்லி கேளுங்க, தைராய்டு கோளாறுனாலயும் ஆளு இப்டி படுத்துடறது உண்டு. முக்கியமா, அவர் டிரெய்லர் ஓட்றவருன்னு டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். சில மாத்திரை தூக்கம் வர வெக்கும், எப்பலேர்ந்து ஸ்டியரிங்க தொடலாம்னு அவங்க சொல்லட்டும். ஏத்தம் எறக்கத்த பிடிச்சு நிறுத்தற லித்தியம்ங்கற மருந்து குடுத்தாங்கன்னா அப்பப்ப ரத்தத்துல அளவு பாக்கணும், கேபின் சூட்டுல வேர்த்து ஊத்தி தண்ணி குடிக்காம உக்காந்திருந்தாலும், முதுகு வலிக்குதுன்னு மெடிக்கல்ல சில வலி மாத்திரைய கேட்டு வாங்கி போட்டாலும் அந்த அளவு ஏறிடலாம், கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம்னா உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்னு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல வண்டிங்க வரிசையா நிக்கறத நாம தெனம் பாக்கறோம், அதுல ராத்திரி பூரா கண்ணு முழிச்சு உக்காந்திருக்கறவங்களுக்கு தூக்கம்னு ஒண்ணு ஒழுங்கா கிடையவே கிடையாது. தூக்கம் கெட்டா இந்த நோய் இருக்கறவங்களுக்கு ஏத்தம் கிளம்பிடலாம். தேறினதுக்கு அப்புறம் ஓனர்கிட்ட பேசி பகல் ட்ரிப்போ யார்டுக்குள்ள வேலையோ கேக்க முடியுமான்னு பாருங்க, சம்பளம் கொறஞ்சாலும் பரவால்ல.

ஏர்வாடிக்கு வரேன். தர்காவுக்கு போகணும்னு மாமியாருக்கு நம்பிக்கை இருந்தா குடும்பமா போயிட்டு வாங்க, மாத்திரைய நிறுத்தாம போங்க. ஆனா எங்கயோ கொண்டு போயி விட்டுட்டு வர்ற பேச்சுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்க ஒரு தனியார் விடுதில தீ பிடிச்சப்ப சங்கிலில கட்டிப்போட்டிருந்த மனநோயாளிங்க ஓட முடியாம எரிஞ்சு 28 பேர் செத்தாங்க. அவங்களையும் வீட்டுக்காரங்கதான், நல்லாயிடுவாங்கன்னு நம்பி விட்டுட்டு வந்திருந்தாங்க. எனக்கு அத நெனச்சா இன்னிக்கும் ஆறல. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரின்னாலே நம்ம பக்கம் ஒரு கெட்ட பேச்சு இருக்கு, ஆனா அந்த ஆஸ்பத்திரி ஓபிக்கு போறவங்கள்ல முக்காவாசி பேர் மருந்து வாங்கிட்டு அன்னிக்கே வீட்டுக்கு வந்து சோறு ஆக்கறவங்கதான். ஸ்டான்லில அனுப்பினா அங்கயும் தயங்காம போங்க.

அவர கூப்பிடும்போது "உனக்கு மனசு சரியில்ல வா"ன்னு ஆரம்பிச்சா வர மாட்டாரு. எழுந்துக்க கூட முடியாம படுத்தே கெடக்கறியே, அதுக்கு காட்டிட்டு வரலாம்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. உனக்கு என்ன கொற, ஆம்பளயா எழுந்து நில்லுன்னு யாரும் பேச விடாதீங்க, முக்கியமா உங்க அண்ணன் தம்பிங்கள. சாயந்திரம் பால் வாங்கற சாக்குல கூட நடத்தி கூட்டிட்டு போங்க, வந்தா வரட்டும், வரலன்னா நாளைக்கு மறுபடி கேளுங்க. லாரி அட்வான்ஸ் ஆள உடனே போயி பாருங்க, எவ்ளோ தேறுதோ தேறட்டும், இனிமே நகை ரசீது, ஏடிஎம் கார்டு உங்க கையில. தேறி நல்லா இருக்கற நாள்ல அவர்கிட்டயே பேசி அத முடிவு பண்ணிக்குங்க, அடுத்த தடவ ஏத்தம் வந்தா யார் சொன்னா கேப்பேன்னும் அப்பவே கேட்டு வெச்சுக்குங்க.

நீங்க வந்த நேரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அம்மா வீட்டுக்கு போகட்டுமான்னா, உங்களயோ புள்ளைங்களயோ கை வெச்சா அன்னிக்கே போயிடுங்க, பெண்கள் உதவி லைன் 181க்கு போன் போடுங்க, நோயாளின்னு அடி வாங்கணும்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. அடி ஒதை இல்ல, நீங்க தூங்கியே மாசக்கணக்காச்சு, அதான் போகணும்னு தோணுதுன்னா அதுக்கும் போங்க, அவரோட அண்ணனயோ மாமியாரயோ அவர் பக்கத்துல இருக்க வெச்சிட்டு நாலு நாள் அம்மா கையால சாப்பிட்டு படுத்து தூங்கிட்டு வாங்க. ஆனா ஸ்டான்லிக்கு போறத அதுக்காக தள்ளிப் போடாதீங்க, அது இந்த வாரமே.