புது ப்ளூஸ், புது மெட்டல்: எதை வைத்து நல்லது என்று சொல்வது?

கேள்வி: பல வருடமாக மெட்டல் கேட்கிறேன். இப்போது ப்ளூஸ் பக்கமும் வந்திருக்கிறேன். ஒரு புது ஆல்பம் வந்தால் ஒரு ரசிகர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் அரைத்த மாவு என்கிறார். எனக்கோ புது ப்ளூஸ் பாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. புது மெட்டல் ஆல்பங்கள் அரை மணி நேரத்தில் காதைச் சோர்வாக்குகின்றன. யார் பேச்சையும் நம்பாமல் நானே எடைபோட என்ன வழி?

பதில்: இரண்டு இசைக்கும் ஒரே அளவுகோலை வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மெட்டல் கேட்டுப் பழகிய காது, அடுத்து என்ன புதுசு வரப்போகிறது என்று காத்திருக்கும். ப்ளூஸில் அப்படிக் காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

ப்ளூஸின் சட்டகம் பாட்டு தொடங்கும் முன்பே கேட்பவருக்குத் தெரியும். பெரும்பாலும் 12 பார் (தாளச் சுற்று), மூன்று கார்ட் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). முதல் நான்கு பார் மூலக் கார்டில் போகும். அடுத்த இரண்டு பார் நான்காம் கார்டுக்கு ஏறி, பிறகு இரண்டு பார் மறுபடி மூலத்துக்கு வரும். கடைசி நான்கில் ஐந்தாம் கார்டைத் தொட்டுத் திரும்பும். வரிகளும் அப்படியே: முதல் வரி, அதே வரி மறுபடி, பிறகு அதற்கொரு பதில். பழைய ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936-லும் 1937-லும் டெக்ஸாஸில் பதிவு செய்த பாட்டுகளில் இருக்கும் இந்த அமைப்புதான் இன்றைய ஆல்பங்களிலும் இருக்கிறது. ஆகவே கார்டில் புதுமை தேடாதீர்கள். பாடுபவர் தாளத்துக்கு எவ்வளவு பின்தங்கி நுழைகிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் கிடைக்கும் இடைவெளியில் கிட்டார் என்ன பதில் சொல்கிறது, அல்லது சொல்லாமல் விடுகிறது என்று கவனியுங்கள். எல்லாவற்றையும்விட, கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றும்போது அது எங்கே போய் நிற்கிறது என்று கேளுங்கள். மேஜருக்கும் மைனருக்கும் நடுவே, பியானோவின் எந்த விசைக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் மூன்றாம் சுரம் நிற்கும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்கிரமின் '662' ஆல்பம் இதற்கு நல்ல பயிற்சி. 1999-ல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர். வட மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியீட்டையே தலைப்பாக்கி 2021-ல் வெளியிட்ட இந்த ஆல்பம் அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது. பலரும் இதில் அவருடைய வேகமான சோலோக்களைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அவை இரண்டாம் பட்சம். 2019-ல் வந்த முதல் ஆல்பத்தில் கிட்டார்தான் பாட்டைத் தூக்கிச் சென்றது. '662'-ல் குரலே தனியாக நிற்கிறது. மெதுவான பாட்டுகளில் அவர் வாசிக்காமல் நிறுத்துகிற இடங்களைக் கேளுங்கள். அங்கேதான் அவர் வளர்ந்திருப்பது தெரிகிறது.

மூத்த ப்ளூஸ் கலைஞர் பட்டி கை 1936-ல் பிறந்தவர். 2025 ஜூலையில், தன் 89-வது பிறந்தநாளன்று புது ஆல்பம் வெளியிட்டார். அவரிடம் போய்ப் புதுமை கேட்பது நியாயமா? அந்தக் குரலில் வயது ஏறியிருக்கிறது. ஏறிய வயதை மறைக்காமல் பாடுகிறார். விருந்தினர்கள் வரும் பாட்டுகளைவிட அவர் குரல் முன்னால் நிற்கும் பாட்டுகளையே நான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

இனி மெட்டலுக்கு வருவோம். இங்கிலாந்தின் பிர்மிங்ஹாமில், மெட்டலின் முன்னோடியான பிளாக் சாபத் ஒரு ப்ளூஸ் குழுவாகத்தான் தொடங்கியது. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி ஓர் உலோகத் தொழிற்சாலை விபத்தில், கம்பியை அழுத்தும் கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கில் நுனிகள் செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். ஏறத்தாழ ஒரே நாளில் பதிவான குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் சில பாட்டுகளில் கிட்டார் கம்பிகளின் டியூனிங்கை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார்கள். கம்பி தளர்ந்தது, ஒலி கனத்தது. ப்ளூஸின் கனத்தை எடுத்துக்கொண்டு அதன் 12 பார் சட்டகத்தை மெட்டல் உதறிய கதை இது. சட்டகம் போய்விட்டதால் ஒவ்வொரு பாட்டும் தன் சட்டகத்தைத் தானே கட்ட வேண்டும். அதனால் மெட்டலில் நான் முதலில் பார்ப்பது ஒரு ரிஃபிலிருந்து (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) அடுத்த ரிஃபுக்குப் போகும் இடத்தை. அந்த மாற்றம் பாட்டுக்குத் தேவைப்பட்டு வந்ததா, வெறுமனே ஒட்டவைத்ததா?

மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' (2023) 12 பாட்டு, 77 நிமிடம். அதில் பல பாட்டுகள் ரிஃபின் வேலை முடிந்த பிறகும் இரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கடைசிப் பாட்டு 11 நிமிடத்தைத் தாண்டியும் நீளமாகத் தோன்றவில்லை. நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் கிட்டார் மட்டும் மிஞ்சும் இடம் வருகிறது. அங்கிருந்து மறுபடி எழுவதற்கு அந்த நீளம் வேண்டும். ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'இன்வின்சிபிள் ஷீல்டு' (2024) பழைய பாணிதான். ஆனால் ரிஃப் மாறும் இடங்கள் கத்திபோல் கூர்மை, அப்போது 72 வயதான பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் குரலும் கூடவே ஓடுகிறது. இதை அரைத்த மாவு என்பவரோடு நான் உடன்படமாட்டேன். அதே ஆண்டில் வந்த பிளட் இன்கான்டேஷனின் 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' இரண்டே நீண்ட படைப்புகள், ஒவ்வொன்றும் மூன்று பகுதி. டெத் மெட்டல் என்ற கடும் மெட்டல் வகையிலிருந்து எழுபதுகளின் ஜெர்மானிய மின்னிசைக்குத் தாவித் திரும்பும். முதல் படைப்பில் சில தாவல்கள் எனக்குத் தையல் தெரிகிற மாதிரி இருக்கின்றன. இரண்டாவது அப்படியில்லை, இந்த வரிசையில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

காது சோர்வதற்குக் காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டம். மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே உயரத்துக்கு நசுக்கி, மொத்தத்தையும் சத்தமாக்குவார்கள். டிரம் அடியின் முதல் கணத்தில் ஒலி எழும்ப இடமே இருக்காது. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' (2008) வந்தபோது, அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் இவ்வளவு நசுங்காமல் இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்துப் புகார் எழுப்பினார்கள். காது எதைக் கேட்டுச் சோர்கிறது என்று அன்று வெளிச்சமானது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. கேட்கும் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருக்கும், அதைப் போடுங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 LUFS (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. சத்தத்தால் கிடைத்த சலுகை போனதும் நசுக்கிய ஆல்பத்தின் தட்டைத்தனம் தெரிந்துவிடும். பேஸ் பூஸ்ட் போன்றவற்றை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். அப்போதும் ஸ்னேர் டிரம்மின் அடி தனியாகத் தெரிந்தால் மிக்ஸிங் நன்றாக இருக்கிறது. கிட்டார் சுவருக்குள் அது கரைந்துபோனால், உங்கள் சோர்வுக்கு நீங்கள் பொறுப்பில்லை. இன்னொன்று: இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம்தான். 77 நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாதியில் நிறுத்துங்கள்.

மற்ற ரசிகர்களின் கருத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டாம். இடத்தைச் சுட்டிப் பேசுபவரை நம்பலாம்: இந்தப் பாட்டில் டிரம்ஸ் நுழையும் இடம் சரியில்லை என்று சொன்னால், போய்க் கேட்டுச் சரிபார்க்க முடியும். வெளியான அன்றே வரும் தீர்ப்புகளில் பழைய ஆல்பங்கள் மீதான பாசமோ கோபமோதான் அதிகம். ஓபெத் என்ற மெட்டல் குழு 2008-க்குப் பிறகு கைவிட்ட உறுமல் குரலை 2024 ஆல்பத்தில் திரும்பக் கொண்டுவந்தபோது பலர் அதற்காகவே கொண்டாடினார்கள். உறுமல் திரும்பியது செய்தி, அவ்வளவுதான். மறைந்த தந்தையின் உயில் வாசிக்கப்படும் அந்தக் கதையில் உறுமல் எந்த இடத்தில் வருகிறது, அங்கே பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். என் காதுக்குப் பொருந்துகிறது.

நீங்கள் இரண்டு இசைக்கும் நடுவில் நிற்பதால் ஸீல் அண்ட் ஆர்டரையும் கேளுங்கள். மானுவல் காக்னோ என்ற சுவிஸ்-அமெரிக்கக் கலைஞர், அமெரிக்க அடிமைகளின் உழைப்புப் பாடல்களின் சாயலில் எழுதிய மெட்டுகளை பிளாக் மெட்டல் என்ற கடும் மெட்டல் வகையோடு சேர்த்துத் தொடங்கிய இசை அது. முதல் கேட்பில் அழைப்பும் பதிலுமாக வரும் குரல்களை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த கேட்பில் கிட்டார் எந்தக் குரலுக்குப் பதிலாக நுழைகிறது என்று கவனியுங்கள். பிறகு '662'-ன் மெதுவான பாட்டு ஒன்றைப் போட்டு அதே இரண்டு வேலையையும் செய்யுங்கள்.