உடுக்குக் கேட்ட காதுக்கு நைஜீரியா தூரமில்லை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தரம் 8 பிள்ளைகளுக்கு 'உலக நாடுகளின் இசையும் நடனமும்' என்று ஒரு பாடவேளை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பரதமும் கொஞ்சம் கூத்தும்தான் தெரியும். போனில் தேடினால் கலர் கலராக உடுப்பு, இரண்டு நிமிட ஆட்டம், அவ்வளவுதான். எங்கே தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, விசுவமடு

பதில்: உடுப்பில் மட்டும் தொடங்காதீர்கள் டீச்சர், பிறகு பிள்ளைகளுக்கு உடுப்புத்தான் ஞாபகம் இருக்கும். அவர்கள் காதில் ஏற்கெனவே கிடக்கிற ஒரு சத்தத்தில் தொடங்குங்கள். அம்மன் கோயில் உடுக்கு இருக்கிறதே, நடுவில் ஒடுங்கி, கயிற்றை இறுக்கினால் சத்தம் ஏறி, விட்டால் இறங்கும். நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்களிடம் 'துன்துன்' என்ற மேளம் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஆள் கொஞ்சம் பெரியவர், கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு வளைந்த தடியால் அடிப்பார்கள். அது பேசும் மேளம். சும்மா பெருமைக்குச் சொல்வதில்லை. யொருபா மொழியில் ஒரே சொல்லை மேலே, நடுவே, கீழே என்று எந்தச் சுருதியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும்: 'இக்பா' என்பது ஒரு விதமாகச் சொன்னால் சுரைக்குடுவை, இன்னொரு விதமாகச் சொன்னால் இருநூறு, மற்றொரு விதத்தில் காலம். அந்த ஏற்ற இறக்கத்தை மேளகாரர் கயிற்றாலேயே பிடித்துவிடுவார், ஆகவே வாழ்த்தும் பழமொழியும் வாய் திறக்காமல் வந்துவிடும். இதைச் சொல்லிவிட்டு ஒரு பிள்ளையிடம் உடுக்கைக் கொடுத்து, தன் பெயரை அதில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு சிரிக்கும், ஆனால் மறக்காது.

அடுத்ததாகக் கூத்திலிருந்து கொரியாவுக்குப் போகலாம். அங்கே பான்சோரி என்று ஒன்று. விசிறியோடு ஒரு பாடகர், பக்கத்தில் மேளத்தோடு ஒருவர், அவ்வளவுதான் மேடை. கதையைப் பாடியும் பேசியும் நடித்தும் சொல்வார், முழுக்கதையும் பாடினால் 8 மணித்தியாலம் வரை போகும். 12 கதைகள் இருந்தன, இன்று முழுதாகப் பாடப்படுபவை 5. நடுவில் மேளகாரரும் சனமும் 'ஓல்சிகு!' என்று குரல் கொடுப்பார்கள், அது இல்லாவிட்டால் ஆட்டம் உப்பில்லாத கஞ்சி. இன்னொன்று, அங்கே தேன் குரலுக்கு மதிப்பில்லை. நீர்வீழ்ச்சிக்கு எதிரே நின்று கத்திப் பழகி, கரகரத்துப்போன குரல்தான் வேண்டும். விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து, விடியற்காலையில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரலைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டேட்டா செலவுக்குப் பயப்படவேண்டாம். யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் உள்ள கலைகளுக்குச் சிறு படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, பல 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பாடவேளைக்கு இரண்டு போதும். ஏழு நாடு காட்டினால் ஒரு நாடும் நிற்காது.

கேள்வி: பேரன் போனில் ஒரு ஆட்டம் காட்டினான். நூறு ஆம்பிளையள் வட்டமாக இருந்து 'சக் சக்' என்று கத்துகிறார்கள், மேளமே இல்லை. இது இராமாயணமாம். உண்மையோ, பேய்க்காட்டலோ?
– ஓய்வுபெற்ற கமக்காரர், நெடுங்கேணி

பதில்: உண்மைதான் ஐயா. பாலித் தீவின் 'கெச்சாக்'. ஒருவர் விடும் இடைவெளியில் மற்றவர் 'சக்' போடுவதால்தான் நூறு தொண்டையும் ஒரே மேளம்போலக் கேட்கிறது. வானரசேனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயம்: குரல் பகுதி பழைய சாமியாடும் சடங்கிலிருந்து வந்தது, இராமாயணத்தோடு சேர்ந்த இன்றைய வடிவம் 1930களில்தான் உருவானது, அதில் வால்ட்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியருக்கும் பங்குண்டு, சுற்றுலாப் பயணிகளும் மனதில் இருந்தார்கள். அதனால் பொய்யாகிவிடுமா? என்னைக் கேட்டால் இல்லை. மரபு என்று நாம் சொல்வதில் பாதி, யாரோ ஒருவர் துணிந்து மாற்றியதுதான்.

கேள்வி: பைலா என்ற துள்ளல் பாட்டுக்கு ஆடினால் அம்மா பேசுகிறா. அது 'எங்கட' இல்லையாம்.
– பெயர் வேண்டாம், மாங்குளம்

பதில்: தங்கச்சி, அம்மாவோடு சண்டை வேண்டாம். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடி என்று ஊர். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், 'மஞ்சா' என்ற பாட்டைத் தங்கள் கிரியோல் (கலப்பு) போர்த்துக்கேய மொழியில் பாடுகிறார்கள், தாளத்துக்குத் தேங்காய்ச் சிரட்டையும் தட்டுவார்கள். மெதுவாகத் தொடங்கி வேகமாகி முடியும். பைலாவும் இந்த மஞ்சாவுக்கு உறவுதான். அம்மாவையும் இருத்தி அதை ஒருமுறை போட்டுக் காட்டு.

கேள்வி: எங்கள் ஊர் அண்ணாவியாருக்கு வயது போய்விட்டது. அவர் பாட்டைப் போனில் பதிந்தால் போதுமா?
– ஒரு மாணவன், முள்ளியவளை

பதில்: போதும் தம்பி, இந்த வாரமே செய். முதலில் அவரிடமும் வீட்டாரிடமும் கேட்டுக்கொள். காற்றாடியை நிறுத்து, போனை மத்தளத்திலிருந்து தள்ளி வை, இல்லாவிட்டால் குரல் அமுங்கிவிடும். நல்ல இடங்களை மட்டும் வெட்டி எடுக்காதே, அவர் இருமுவதும் 'அதை விடு, இப்படிப் பாடு' என்று திருத்துவதும் அப்படியே இருக்கட்டும். பாட்டு முடிந்ததும் யாரிடம் பழகினார் என்று கேட்டு அதையும் பதி. பிறகு இன்னொரு போனில் ஒரு பிரதி எடுத்து வை, உன் போன் குளத்துக்குள் விழலாம்.